ஒப்பியல் கல்வியாய்வில் வரலாற்று நோக்கு: விருதுநகர் – சிவகாசி

வெவ்வேறு நாடுகளின் கல்வி முறைகளை அருகருகே வைத்து ஆராய்வது ஒப்பியல் கல்வியாய்வு. 1817இல் பிரான்சின் மார்க் அந்துவான் ஜூலியன் இதற்கென வினாநிரல்களும் அட்டவணைகளும் வகுத்தார். அட்டவணை இன்றைய நிலையைக் காட்டும். அந்நிலை எப்படி வந்தது என்பதைக் காட்டாது. பள்ளிக்கு வெளியே உள்ள சமூகத்தை அறியாமல் பள்ளியை அறிய முடியாது என்று 1900இல் ஆங்கிலேயக் கல்வியாளர் மைக்கேல் சாட்லர் வாதிட்டார். ஐசக் காண்டெல், நிக்கோலஸ் ஹான்ஸ் ஆகியோர் அதை வரலாற்று முறையாகவே வளர்த்தனர்.

இம்முறையின் வலிமையைத் தமிழ் வாசகர் சிவகாசியில் காணலாம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தனர். பட்டாசும் அச்சும் பின்தொடர்ந்தன. வானம் பார்த்த பூமிக்குக் கூலி கிடைத்தது. கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறுவர் சிறுமியர் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். வறுமை தீரும்வரை இது தீராது என்பதே அதிகாரிகளும் முதலாளிகளும் ஒருங்கே சொன்ன விளக்கம்.

அரசியல் அறிஞர் மைரன் வைனர் 1991இல் வெளியிட்ட ‘இந்தியாவில் குழந்தையும் அரசும்’ என்ற ஆங்கில நூல் அவ்விளக்கத்தை வரலாற்றால் உடைத்தது. பிரஷ்யா 1763இலும், ஜப்பான் 1872இலும், இங்கிலாந்து 1880இலும் கல்வியைக் கட்டாயமாக்கின. செல்வம் சேரட்டும் என்று அவை காத்திருக்கவில்லை. நடைமுறைக் காரணமொன்றையும் அவர் காட்டினார்: தொழிற்சாலைச் சோதனையைவிடப் பள்ளி வருகையைக் கண்காணிப்பது எளிது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டும் சிறுமி ஆய்வாளர் கண்ணில் படமாட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் இல்லாதது அன்றே தெரிந்துவிடும். கட்டாயக் கல்விக்குத் தடை, வறுமையைவிட ஆள்வோரும் படித்தோரும் கொண்டிருந்த எண்ணமே என்பது அவர் முடிவு. அம்முடிவு கடுமையானது; ஆயினும் சான்றுகள் அதைத் தாங்குகின்றன.

ஆனால் நாடுகளை மட்டுமே அலகாகக் கொண்டால் சிவகாசியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள விருதுநகர் விடுபட்டுப்போகும். அங்கே 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நாடார் சமூகத்தார் தம் வணிகத்திலிருந்து திரட்டிய மகமை என்னும் பொதுநிதியில் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியும் அதற்கு உதவியது. அங்கு படித்துத் தந்தையின் மறைவால் பாதியில் நின்ற காமராசர், முதல்வரானதும் 1954இல் ராஜாஜியின் அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் கைவிட்டார். 1956இல் மதிய உணவைத் தொடங்கினார். அவர் பிறந்த வட்டாரத்திலேயே குழந்தை உழைப்பு அதன் பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. பள்ளியின் கதவைத் திறப்பதும் பிள்ளை வந்தே தீரவேண்டும் என ஆணையிடுவதும் வேறுவேறு வரலாறுகள் என்பதை இவ்விரு ஊர்களும் காட்டுகின்றன.

சிவகாசிக் குழந்தை உழைப்பு குறித்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த உத்தரவிட்டது. வருகையைக் கட்டாயமாக்கும் தமிழ்நாட்டின் கட்டாயத் தொடக்கக் கல்விச் சட்டமும் மதிய உணவு தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிந்தியது; அது 1994ஆம் ஆண்டினது.

இன்றைய தரவரிசைகளும் அட்டவணைகளே. 15 வயது மாணவரைச் சோதிக்கும் பன்னாட்டுத் தேர்வான பீசாவின் 2009 சுற்றின் நீட்சியில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கடைசி வரிசையில் நின்றன. செய்திகள் தரவரிசையோடு முடிந்துவிட்டன; அந்நிலை எப்படி வந்தது என்று அவை கேட்கவில்லை. தேர்வெழுதிய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 1994ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர்கள்; அவர்களைப் பெற்றவர்களின் பள்ளிப்பருவம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.