எண்ணத் தெரிந்த சில்லு



ஒரு நாள் பள்ளியில் மின்சாரம் தடைப்பட்டது. அலுவலகத்திலிருந்த இன்வர்ட்டர் மட்டும் மின்விசிறியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. "ஐயா, பேட்டரி மின்சாரமும் சுவரில் வரும் மின்சாரமும் ஒன்றா?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். "உள்ளே ஒரு கருவி மாற்றிவிடும்" என்று கூறி நகர்ந்தேன். அது விடையன்று என்பதை அவன் முகமே சொல்லிற்று. அன்றிரவு நூல்களைப் புரட்டினேன்.

பேட்டரி மின்சாரம் ஒரே திசையில் ஓடும். சுவர் மின்சாரம் திசை மாறி மாறி ஓடும். முன்னதைப் பின்னதாக்கும் கலையைப் பற்றி, 'இன்வர்ட்டர்' என்ற தலைப்பிலேயே 1925இல் கட்டுரை எழுதினார் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் டேவிட் பிரின்ஸ். அது குழாய்களின் காலம். 1957இல் அதே நிறுவனம் உருவாக்கிய தைரிஸ்டர், அவ்விடத்திற்குச் சிலிக்கானைக் கொண்டுவந்தது. 1964இல் ஷோனுங், ஸ்டெம்லர் இருவரும், துடிப்புகளின் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் சீரான அலையை உருவாக்கும் முறையை விளக்கினர். 1980களில் ஐஜிபிடி என்னும் விரைவான விசையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜயந்த் பாலிகா.

விசைகளுக்குக் கட்டளையிடுவது யார்? 1980இல் இன்டெல் வெளியிட்ட 8051 போன்ற மைக்ரோகண்ட்ரோலர்கள் அப்பணியை ஏற்றன. அவற்றினுள் 'டைமர்' என்னும் எண்ணி உண்டு. 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்துடன் 8051இன் டைமர் மைக்ரோவினாடிக்கு ஒன்றாக எண்ணும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஓர் அரைச்சுற்று 10 மில்லிவினாடி. ஆகவே 10,000 எண்ணியதும் திசையை மாற்றினால் போதும். துடிப்பின் அகலத்தை மாற்றுவதும் இதே எண்ணிக்கையால்தான்.

மறுநாள் அம்மாணவனையே டைமராக்கினேன். இரு மாணவர்கள் விசைகள். அவன் பத்து எண்ணியதும் ஒருவன் கையை இறக்க, மற்றவன் உயர்த்தினான். ஒருமுறை இருவர் கையும் ஒருசேர உயர்ந்தன. "இப்பொழுது குறுக்குச் சுற்று, விசைகள் எரிந்துவிட்டன" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் மட்டும் சிந்தித்து, "ஐயா, நடுவில் ஓர் எண் சும்மா விடலாமா?" என்றான். பொறியாளர்கள் கடைப்பிடிக்கும் சிறு இடைவெளியை அவன் தானே கண்டறிந்துவிட்டான்!

தெரியாததை மறைக்க நான் சொன்ன ஒரு சொல், இக்கண்டுபிடிப்பை அவனிடமிருந்து பறித்திருக்கும். பிள்ளைகள் கேட்கும்போது, "நாளை சொல்கிறேன்" என்று கூறுவதில் இழுக்கில்லை; மறுநாள் சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.