பட்டா இல்லாத வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கள்

1877-இல் சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் நாற்றுகளில் ஒன்பது, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் காலத்தில் கோலா கங்சாரில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. அதற்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு, பார்க்க வரும் பயணிகளும் உண்டு. அந்த மரத்தின் வழித்தோன்றல்களை நம்பி இதே மாவட்டத்தில் காப்பிஸ், ஹீவுட், டோவன்பி, எல்ஃபில் என்று தோட்டங்கள் எழுந்தன. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்கள் அவற்றின் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மூன்று நான்கு தலைமுறைகள் வாழ்ந்தன. மரத்தைக் காப்பாற்றிய ஊரில் லயங்கள் பெரும்பாலும் காப்பாற்றப்படவில்லை. எஞ்சியவை சாய்ந்தும் ஒழுகியும் கிடப்பதைப் பார்ப்பவர்கள், தோட்டத்து ஆள்களுக்கு வீட்டைப் பேணத் தெரியாது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். காலனி ஆட்சிக்கால அதிகாரிகளும் இதையே சொன்னார்கள், இன்றைக்குத் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியிருக்கும் நம்மவர்களும் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறு என்பதற்கு வரலாற்றில் போதுமான சான்று இருக்கிறது. குறைந்த செலவில் வீட்டைப் பராமரிக்கும் திறமை அந்தக் குடும்பங்களிடம் நிறையவே இருந்தது. அந்தத் திறமை சொத்தாகச் சேர்வதற்கு வேண்டிய ஒன்றே ஒன்று, அதாவது வீட்டின்மேல் உரிமை, அவர்களுக்கு மிகவும் தாமதமாகக் கிடைத்தது; பலருக்குக் கிடைக்கவே இல்லை.

முதலில் அந்த வீடுகள் எப்படிப்பட்டவை என்று பார்க்க வேண்டும். தொடக்க காலக் குடிசைகள் மூங்கிலும் அத்தாப்புக் கூரையும் கொண்டவை. கடலோரத்தில் அத்தாப்பு நீப்பா ஓலையில் கிடைத்தது. கோலா கங்சார் போன்ற உள்நாட்டில் பெர்த்தாம், ரும்பியா ஓலைகளைத்தான் பின்ன வேண்டும். வெயிலுக்கு இதமான கூரைதான், ஆனால் சில ஆண்டுகளில் மக்கி ஒழுகும், தீயும் எளிதில் பற்றும். பின்னர் வந்தவை பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட நீண்ட லயங்கள். அவற்றில் பத்துப் பன்னிரண்டு அடி அறைகள் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும், ஆகவே பின்பக்கம் ஜன்னல் வைக்க வழியில்லை. குடிதண்ணீருக்குப் பொதுக் குழாய், கழிப்பிடமும் பொது. 1912-இல் கூட்டாட்சி மலாய் மாநிலங்களில் வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பும், அதை மாற்றியமைத்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும் குடியிருப்பு, குடிநீர், மருத்துவமனை ஆகியவற்றை நிர்வாகத்தின் பொறுப்பாக்கின. மலேரியாவால் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்த காலம் அது. சட்டம் கவலைப்பட்டது வேலைக்கு ஆள் குறையாமல் இருப்பதற்காகத்தான் என்றாலும், அதனால் லயங்கள் மெல்லத் திருந்தின என்பதை மறுக்க முடியாது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் முதுகொட்டிய லயங்களுக்குப் பதில் தனித்தனிக் குடில்கள் கட்டும் வழக்கமும் சில தோட்டங்களில் தொடங்கியது.

அந்தப் பலகை அறைக்குள் குடும்பங்கள் செய்த வேலைதான் இங்கே முக்கியம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் வெள்ளையடிப்பது வழக்கம். ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கும் சுங்கை சிப்புட் வட்டாரமும் சுண்ணாம்புக்கல் மலைகள் நிறைந்தவை. ஆகவே சுட்ட சுண்ணாம்பு மலிவாகவே கிடைத்தது. சுட்ட கல்லைப் பழைய மண்ணெண்ணெய் டின்னில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது சீறிக் கொதித்துப் பொடியும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீரும் உப்பும் சேர்த்து, கடைசியில் துணிக்குப் போடும் நீலத்தில் ஒரு சிட்டிகை கலப்பார்கள். தூரிகைக்குத் தேங்காய் மட்டையின் நுனியை நசுக்கிக்கொண்டால் போதும். சுண்ணாம்பின் காரம் பூஞ்சையையும் பூச்சியையும் அண்டவிடாது; ஜன்னலில்லாத அறைக்கு வெளிச்சம் கூடும். கூலிக்காரக் குடும்பம் சில காசு செலவில் செய்துகொண்ட சுகாதார ஏற்பாடு அது. கூரை பராமரிப்பிலும் இதே நுணுக்கம் உண்டு. நெளிதகரத்தில் ஆணியை மேட்டில்தான் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் மழைநீர் அந்த ஓட்டை வழியாகத்தான் இறங்கும். துருப்பிடித்த இடத்தில் தாரில் தோய்த்த துணியை ஒட்டுவார்கள். தூணின் அடிப்பகுதிக்குக் கறையான் ஏறாமல் பழைய இஞ்சின் எண்ணெய் பூசுவதும் நாட்டுப்புறத்தில் பரவலான வழக்கம்தான், மண்ணுக்கு அது கெடுதல் என்று இன்று தெரிந்திருந்தாலும். லயத்தின் பின்னால் தகரத்தையும் கைவிடப்பட்ட பலகையையும் வைத்து அடுப்படியை நீட்டிக்கொண்டார்கள். முன்னால் துளசியும் முருங்கையும் வைத்தார்கள். இவர்களுக்கு வீட்டைப் பேணத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

அவர்கள் கையருகே கொட்டிக் கிடந்த மரம் அவர்களுக்கு உதவவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ரப்பர் மரம் வெட்டியதும் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், துளைப்பான் வண்டு விழும். அதனால் அது நெடுங்காலம் விறகுக்குத்தான் ஆனது. போரான் உப்புகளை ஏற்றிப் பதப்படுத்தும் முறை பரவியபிறகே, 1980-களில், அது ஏற்றுமதித் தளவாட மரமாக மதிப்புப் பெற்றது. கோடிக்கணக்கான மரங்களைச் சீவியவர்கள் அதே மரத்தில் ஒரு கதவுச் சட்டம் செய்துகொள்ள முடியாத காலமே நீண்டது.

குறை திறமையில் இல்லை, வீட்டுரிமையில்தான் என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. லயம் வாடகையில்லாத வீடு, கூரை மாற்றுவதும் வடிகால் வெட்டுவதும் நிர்வாகத்தின் செலவு. சொந்த வீட்டுக்காரன் கைக்காசு போட்டுச் செய்வதைத் தோட்டத்து ஆள் இலவசமாகப் பெற்றான், இதைவிட மலிவான பராமரிப்பு வேறென்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வாடகை இல்லை என்பது உண்மை. நல்ல நிர்வாகி வாய்த்த தோட்டங்களில் வருடா வருடம் பழுதுபார்ப்பு நடந்ததும் உண்மை. ஆனால் அந்த இலவசம் கூலியின் ஒரு பகுதியாகத்தான் கணக்கிடப்பட்டது. அதைவிட முக்கியமானது, எப்போது பழுதுபார்ப்பது என்பதைக் குடியிருப்பவரின் தேவை தீர்மானிக்கவில்லை, லண்டன் சந்தையில் ரப்பர் விலை தீர்மானித்தது. பெருமந்தம் வந்தபோது, 1930-இல், ஆண்களின் நாள்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் வெள்ளையடித்த சுவர், நீட்டிய அடுப்படி, நட்ட முருங்கை எல்லாம் அங்கேயே தங்கின. அவர்களுக்கு ஒரு காசும் திரும்பவில்லை. பத்து வருடம் ஒருவன் தன் வீட்டில் செய்த மராமத்து அந்த வீட்டின் விலையில் ஏறும், பிள்ளைகளுக்குப் போகும். லயத்தில் செய்த மராமத்து வேலை போன அன்றே கணக்கிலிருந்து அழிந்தது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு குடும்பம் அவசியமானதைத் தாண்டிக் காசு போடாமல் இருந்தால் அதை அலட்சியம் என்று சொல்வது சரியல்ல. கணக்குத் தெரிந்த எவரும் அப்படித்தான் நடந்துகொள்வார்.

ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கோலா கங்சாரைச் சுற்றிய மலாய்க் கம்பங்களில் ரூமா கூத்தாய் என்ற பேராக்கின் பழைய வீட்டு வகை இருந்தது. தூண்மேல் எழுப்பி, மூங்கில் தட்டிச் சுவர் வைத்த வீடு அது. தட்டி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். குடும்பம் பெருகினால் இன்னொரு பகுதியைச் சேர்க்கலாம். அதே தட்டிக் கலையை அரண்மனை அளவில் பார்க்க வேண்டுமென்றால் இஸ்தானா கெனாங்கான் இருக்கிறது. சுல்தான் இஸ்கந்தார் 1926-இல் கட்டுவித்து, இஸ்தானா இஸ்கந்தாரியா 1933-இல் முடியும்வரை குடியிருந்த மாளிகை. ஆணியில்லாமல் கட்டியது என்று புகழ் பெற்றது. மூங்கில் தட்டி லயத்துப் பலகையைவிடச் சீக்கிரம் கெடக்கூடிய பொருள். ஆனால் அந்த மாளிகை இன்றும் நிற்கிறது, அதைப் பேண ஒரு சொந்தக்காரர் எப்போதும் இருந்தார் என்பதே காரணம். பொருள் எளியதா உயர்ந்ததா என்பதைவிட, பழுது பார்க்கும் உரிமையும் பலனும் யார் கையில் என்பதுதான் வீட்டின் ஆயுளைத் தீர்மானித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இந்த மாவட்டமே நாட்டின் திருப்புமுனையானது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டார்கள், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் பிறந்தது. லயங்கள் ஒரே இடத்தில் நெருக்கப்பட்டு முள்வேலிக்குள் வந்தன. 1950-களில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல, தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றன. துண்டு வாங்கியவர்களுக்கு நிலம்தான் வேண்டும், குடியிருப்பவர்கள் வேண்டாம். உங்கு அசீஸ் தலைமையில் நடந்த ஆய்வு 1960-களின் தொடக்கத்தில் இந்தத் துண்டாடலின் பாதிப்புகளை விரிவாக எழுதிவைத்தது. வேலையோடு வீடும் போகும் நிலையில் கூரைக்கு யார் தார் பூசுவார்? இந்தத் துண்டாடலுக்குக் கிடைத்த மறுமொழியும் இந்த மண்ணிலிருந்தே வந்தது. 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், தோட்டம் தோட்டமாகச் சென்று, தொழிலாளர்கள் தவணையில் பங்குப் பணம் கட்டித் தாங்களே தோட்டத்தை வாங்கலாம் என்று பேசினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் அதன் முதல் தோட்டம். ஆயிரமாயிரம் சிறு கைகள் சேர்ந்து தோட்டம் வாங்கியது பெரிய சாதனை. ஆனால் கூட்டுறவில் பங்கு வைத்திருப்பதும், குடியிருக்கும் வீட்டுக்குத் தன் பெயரில் கிராண்ட் எனும் நிலப்பட்டா வைத்திருப்பதும் ஒன்றல்ல. தனி வீட்டு உரிமை தனிப் பிரச்சினையாகவே நின்றது. 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990-ஆம் ஆண்டுச் சட்டமும் வீட்டின் தரத்தை உயர்த்தின; உரிமையைத் தரவில்லை. 1973-இல் பிரதமர் துன் அப்துல் ரசாக் தோட்டத் தொழிலாளர்களுக்கான சொந்த வீட்டுத் திட்டத்தை முன்வைத்தார். நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் அது ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது.

வீடு கிடைத்தவர்களின் கதை இரண்டாவது மறுப்புக்கு இடம் தருகிறது. 1980-களின் தொடக்கத்தில் மலிவு விலை வீட்டுக்கு அரசு 25,000 வெள்ளி உச்சவிலை வைத்தது. ரப்பர் போய் செம்பனை வந்து, வேலையும் வெளிநாட்டு ஆள்களுக்குப் போனபிறகு, தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல அத்தகைய வீடுகளில் குடியேறின. அங்கும் சாயம் உரிந்து, கூரை ஒழுகும் வீடுகள் உண்டே, உரிமை வந்தும் பராமரிப்பு வரவில்லையே என்று கேட்கலாம். பாதி உண்மை இருக்கும் வாதம். ஆனால் அந்தத் தாமான்களில் நடந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, கட்டிக் கொடுத்தபடியே இருக்கும் வீடு அரிது என்பதுதான். பின்கட்டில் அடுப்படி நீண்டிருக்கும், முன்னால் காருக்குக் கூரை, கதவுக்கு இரும்புக் கம்பி, தரைக்கு ஓடு. லயத்தில் தகரத் துண்டால் செய்ததை இங்கே செங்கல்லில் செய்திருக்கிறார்கள். பழுதானவை பழுதானதற்கு வேறு காரணங்கள் உண்டு. பலகை வீட்டின் கைப்பழக்கம் சிமெண்டு வீட்டுக்கு அப்படியே ஆகாது. பாதாங் ரெங்காஸ், கந்தான் சிமெண்டு ஆலைகளும் சுண்ணாம்புக்கல்லைத்தான் அரைக்கின்றன, ஆனால் பூசுவேலை பழகாதவர் கலவையில் தண்ணீரைக் கூட்டினால் அது வெடிக்கும். பலகையை இழைத்து மாற்றலாம். உள்ளே கம்பி துருப்பிடித்த கான்கிரீட் கூரைத்தளத்தை வீட்டுக்காரரே சரிசெய்ய முடியாது. வீட்டை நீட்டுவதற்கு 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி நகராண்மையில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். அந்த விதி தேவையானதுதான். அண்டை வீட்டுக்குத் தீயும் வெள்ளமும் போகாமல் காக்கிறது. ஆனால் வரைபடம் வரைபவரின் கட்டணமே சிறு அடுப்படியின் செலவில் பெரும்பங்கு ஆகிவிடும்போது, ஒன்று அனுமதியில்லாமல் கட்டுகிறார்கள், அல்லது கட்டாமலே விடுகிறார்கள். சிறிய, ஒரே மாதிரியான நீட்டிப்புகளுக்கு நகராண்மையே ஆயத்த வரைபடங்களை இலவசமாகக் கொடுத்தால் இந்தச் செலவு பெருமளவு மறையும்.

இன்னும் தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் நிலை வேறு. ஓய்வுபெற்ற முதியவர்கள், வேலைக்கு ஆள் எடுக்காத தோட்டங்களின் கடைசிக் குடும்பங்கள், பலகை உளுத்த லயங்களில் இருக்கிறார்கள். நாட்டுப்புற ஏழைகளின் வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கும் அரசு உதவித் திட்டம் நாட்டில் இருக்கிறது. ஆனால் அதற்கு விண்ணப்பிப்பவருக்கு நிலம் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது நிலத்துக்குச் சொந்தக்காரரின் ஒப்புதல் வேண்டும். லயத்து நிலம் கம்பெனியுடையது. நாளை விற்கவோ மறுநடவு செய்யவோ நினைக்கும் கம்பெனி அந்த ஒப்புதலைத் தரத் தயங்கும். நூறாண்டுக்கு முன் தாத்தா போட்ட வெள்ளைக்கு எந்தக் காரணத்தால் மதிப்பில்லாமல் போனதோ, அதே காரணத்தால் பேத்தி இன்று கூரைத் தகரம் கேட்டு எழுதும் விண்ணப்பமும் தடைபடுகிறது. மலிவான வண்ணமும் மலிவான தகரமும் பற்றிப் பேசுவதற்கு முன்னால், நீண்டகாலம் குடியிருப்பவர்களுக்கு அந்த நிலத்துண்டைப் பெயர் மாற்றித் தருவதா, மாற்று வீடு தருவதா என்பதை மாநில அரசும் கம்பெனிகளும் முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவாயினும், அதுவரை பழுதுபார்ப்பு உதவிக்கு நிலச் சொந்தக்காரரின் ஒப்புதலுக்குப் பதிலாகத் தோட்டத்தில் வேலை செய்த ஆண்டுகளின் பதிவை ஏற்றுக்கொள்ளலாம். அந்தப் பதிவு சம்பளச் சீட்டிலும் தொழிலாளர் சேமநிதிக் கணக்கிலும் ஏற்கெனவே இருக்கிறது.