கோசோத் தீவின் பந்தாட்டமும் அதன் தலைநகர்ப் பெயரும்

ஊர்களின் பெயரை மாற்றுதல் நன்றோ தீதோ என்னும் வாதம் நம்மவரிடையே அடிக்கடி நிகழ்வதுண்டு. அவ்வாதத்திற்குத் துணையாகுமென்று கருதி, மத்தியதரைக் கடலிலுள்ள ஒரு சிறு தீவின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

மால்டா நாட்டைச் சேர்ந்த கோசோ என்னும் அத்தீவு 67 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் மக்கள் 40,000-த்திற்கும் குறைந்தவரே. ஆயினும், 1936 முதல் அத்தீவுக்கெனத் தனிக் கால்பந்துச் சங்கமொன்று நடைபெற்று வருகிறது. நதூர், சன்னாத், கெர்ச்செம் முதலிய சிற்றூர்கள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஆட்டக் கழகம் உடையன. ஓரூரினின்று மற்றோரூருக்கு நடந்தே சென்றுவிடலாம். அவ்வளவு அணிமையிலிருப்போர் ஒருவரையொருவர் வெல்வதற்குக் கொள்ளும் ஊக்கமோ பெரிது. அண்டை அயலாரிடம் தோற்பதுபோலும் துன்பம் பிறிதில்லை யன்றோ!

இத்தீவின் தலைநகருக்குப் பெயர் இரண்டு. பழையது ரபாத். கி. பி. 870-இல் அராபியர் மால்டாவைக் கைப்பற்றினர். அவர்தம் மொழியின் வழித்தோன்றலே இன்றைய மால்டா மொழி. கோட்டைக்கு வெளியே அமைந்த குடியிருப்பை, அஃதாவது நம் முன்னோர் புறஞ்சேரி என்றதனை, அராபியர் ‘ரபத்’ என்றனர். அதுவே ஊர்ப்பெயராயிற்று. 1551-இல் துருக்கியக் கடற்படை இத்தீவைச் சூறையாடி, ஏறக்குறைய 5,000 பேரை அடிமைகளாகக் கொண்டு சென்றது. தீவு கிட்டத்தட்டப் பாழாயிற்று. பின்னர் வந்து குடியேறியவர் நாவிலும் ரபாத் என்னும் பெயரே நின்றது. ஊர் மக்களை வாரிச் சென்ற பகைவரால் ஊரின் பெயரைக் கொண்டுசெல்ல இயலவில்லை.

1887-இல் ஆங்கில அரசி விக்டோரியாவின் ஆட்சிப் பொன்விழா வந்தது. அப்போது மால்டா ஆங்கிலேயர் வசமிருந்தது. பியெட்ரோ பாச்சே என்னும் ஆயரின் வேண்டுகோட்கிணங்கி, அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் ரபாத்துக்கு நகரமென்னும் தகுதியும் விக்டோரியா என்னும் புதுப்பெயரும் அளிக்கப்பட்டன. அரசியின் பெயரைத் தாங்கிய இடங்கள் அதற்குமுன்பே உலகெங்கும் மலிந்திருந்தன. கனடாவின் மேலைக் கரையிலே 1843-இல் எழுந்த கோட்டை, 1851-இல் ஆஸ்திரேலியாவில் தனியாகப் பிரிந்த ஒரு மாகாணம், ஆப்பிரிக்காவின் பேரேரி, இன்னும் பல. சேஷெல்ஸ் நாட்டுத் தலைநகரும் ஒரு விக்டோரியாவே. அவ்விடத்து வாழும் நம் தமிழ் மக்கள் 1992-இல் அங்கே நவசக்தி விநாயகர்க்குக் கோயில் எடுத்தமை அன்பர்கள் அறிந்து மகிழத்தக்கது.

கோசோ மக்களோ, ஆணை பிறந்து ஒரு நூற்றாண்டு கடந்தும், பேச்சிலே தம் நகரை ரபாத் என்றே வழங்குகின்றனர். ஆனால் பந்தாட்டக் களத்திலே நிலைமை வேறு. நகரின் கழகங்களுள் இரண்டு விக்டோரியா ஹாட்ஸ்பர்ஸ், விக்டோரியா வாண்டரர்ஸ் எனப் பெயர் பூண்டவை. முதற் கழகப் பெயரின் பின்பாதியும் இரவல்தான். லண்டனின் டாட்டன்ஹாம் பகுதியில் 1882-இல் தோன்றிய கழகத்தின் பெயர் அது; 1403-இல் போரில் மாண்ட ஹென்றி பெர்சி என்னும் ஆங்கில வீரனுக்கு வழங்கிய பட்டப்பெயரே அதற்கு மூலம். வீட்டில் ரபாத் என்பவனே களத்தருகே நின்று விக்டோரியா என்று தொண்டை வறளக் கூவுகிறான். அரசாணையால் நாவிற்கு ஏறாத பெயர் பந்தாட்டத்தால் ஏறிற்று என்பதே எம் கருத்து.

பழைய பெயருக்கும் வெளியிடங்களில் இணையுண்டு. மால்டாப் பெருந்தீவிலும், பழந்தலைநகராகிய ம்தீனாவின் மதிற்புறத்தே, ஒரு ரபாத் உளது. காரணமும் அதே காரணம். மொராக்கோ நாட்டின் தலைநகரும் ரபாத் எனப்படும். ஆயின் அது ‘ரிபாத்’, அஃதாவது அரண், என்னும் வேறொரு சொல்லினின்று வந்தது. ஒலியொப்புமை கண்டு உறவு கற்பிப்போர் இதனை நோக்குக. எனினும், 1985-ஆம் ஆண்டிலே ஒரு வியப்பு நிகழ்ந்தது. மால்டாவின் ரபாத் அயாக்ஸ் கழகம் அந்நாட்டு முதற்பிரிவுப் பட்டத்தை வென்றது. அவ்வாண்டிலேயே மொராக்கோ ரபாத்தின் படைத்துறைக் கழகம் ஆப்பிரிக்கக் கண்டத்துச் சாம்பியன் கோப்பையைக் கைக்கொண்டது. இரண்டுக்கும் தொடர்பு யாதுமில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் வறுமையினால் மால்டா நாட்டார் பல்லாயிரவர் கடல் கடந்தனர். அவருள் பெருந்தொகையினர் சென்றடைந்த இடம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணமாகும். அரசியின் பெயர்கொண்ட சிற்றூரை விட்டுச் சென்ற கோசோத் தீவினர், அதே பெயர்கொண்ட பெருநாட்டிலே தொழிலாளராகக் குடிபுகுந்தனர். மெல்பர்ன் நகரில் மால்டா மக்கள் 1940-களின் இறுதியில் ஒரு கால்பந்துக் கழகம் கண்டபோது, அதற்கு ஜார்ஜ் கிராஸ் என்று பெயரிட்டனர். 1942-இல், பகைவிமானங்களின் குண்டுமாரியைப் பொறுத்து நின்றமைக்காக, மால்டாத் தீவு முழுமைக்கும் வழங்கப்பெற்ற பதக்கத்தின் பெயர் அது. அதுவும் ஓர் ஆங்கில மன்னர் பெயரே. ஆயினும் அது அவர்கள் உயிரைக் கொடுத்துப் பெற்றது.