இரண்டு இறந்தகாலம், இரண்டும் சரி



என்னிடம் படித்த மாணவி ஒருவர் வருத்தத்தோடு கேட்டிருந்தார். அவர் மகள் 'லேர்ன்' என்பதன் இறந்தகாலத்தை ஈ, டி சேர்த்து எழுதினாளாம். டீ சேர்த்தால்தான் சரி என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்களாம். இரண்டுமே சரிதான் அம்மா.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். குலச்சிறை நாயனார் பிறந்த ஊரைப் பெரியபுராணம் மணமேற்குடி என்கிறது. நாம் மணமேல்குடி என்கிறோம். ஒன்றில் லகரம் றகரமாகத் திரிந்தது. மற்றதில் திரியாமல் நின்றது. ஊர் ஒன்றுதான்.

ஆங்கில வினைகளின் கதையும் இப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் பல வினைகள் உள்ளே உயிரொலியை மாற்றி இறந்தகாலம் காட்டின. 'சிங்', 'சாங்' ஆவது அந்த வழி. மற்றவை கடைசியில் ஓர் ஒலியைச் சேர்த்துக்கொண்டன. சேர்ப்பது எளிது என்பதால் பல வினைகள் அந்தப் பக்கம் சாய்ந்தன. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் 'ஹோல்ப்' இன்று வழக்கில் இல்லை. 'ஹெல்ப்டு' என்றே சொல்கிறோம்.

2007இல் 'நேச்சர்' இதழில் வந்த ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை, பழைய ஆங்கிலத்தில் விதிக்கு அடங்காத 177 வினைகளைத் தொடர்ந்து பார்த்தது. இன்றும் அடங்காமல் இருப்பவை 98. அதிகம் பேசப்படும் வினைகளே தப்பின. தினமும் புழங்கும் அரிவாள் துருப்பிடிப்பதில்லை அல்லவா!

ஈ, டி என்பதும் முன்பு தனி அசையாக ஒலித்தது. பேச்சில் அந்த உயிரொலி தேய்ந்தபோது, மொழி கெடுகிறது என்று 1712இல் ஜொனாதன் ஸ்விப்ட் குறைபட்டார். யாரும் கேட்கவில்லை. சில சொற்களின் முடிவு வல்லொலியாகக் கேட்டது. கேட்டபடியே டீ போட்டும் எழுதினார்கள். இன்று அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஈ, டி எழுதுகிறார்கள். பிரிட்டனில் இரண்டும் உண்டு; நம் நாட்டிலும் அப்படியே.

எல்லாவற்றையும் இப்படி மாற்றிப் போட முடியாது. 'ஹேங்' என்ற வினைக்கு, ஆளைத் தூக்கிலிட்டால் 'ஹேங்டு', சட்டையை மாட்டினால் 'ஹங்' என்பதே மரபு.

பிள்ளைகளே, ஒரு விடைத்தாளில் ஏதாவது ஒரு முறையையே கடைசிவரை எழுதுங்கள். உங்களில் ஆசிரியராக இருப்பவர்கள் சிவப்பு மையால் அடிக்கும் முன் அகராதியை ஒருமுறை புரட்டுங்கள். 'போனான்' என்று எழுதும் நாம், 'போயினான்' என்று எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைப்போமா?