பல்லுக்குள் ஒரு சுண்ணாம்புச் சுவர்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் வகுப்பை ஐந்து நிமிடம் இழுப்பேனே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் அடையாறில் மகள் வீட்டு மாடிப்படியில் பேரன் விழுந்துவிட்டான். வயது 9. முளைத்து இரண்டு வருடம்கூட ஆகாத மேல் முன்பல் பாதி உடைந்துபோனது. உடைந்த இடத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. "நரம்பு வெளியே தெரியுதுப்பா" என்று மகள் அழுதாள். எனக்கு 1984-ம் வருடத்து 8 'பி' வகுப்பு நினைவுக்கு வந்துவிட்டது.

அந்த வருடம் மதிய இடைவேளையில் ஒரு பையனுக்கு இதே பல் இதே மாதிரி உடைந்தது. நான்தான் ரிக்‌ஷாவில் அழைத்துப் போனேன். "நரம்பு தெரிஞ்சா அவ்வளவுதான்" என்றார்கள். உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு அடைத்து அனுப்பினார்கள். நானும் தலையாட்டினேன். பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ எடுப்பதற்குள் பல் கருத்துவிட்டது. போட்டோவில் அவன் மட்டும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் படம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

பேரனைப் பார்த்த பல் மருத்துவர் என் பழைய மாணவி. மயிலாப்பூரில் கிளினிக் வைத்திருக்கிறாள். "நரம்பை எடுக்க வேண்டாம் சார். மேலே ரெண்டு மில்லிமீட்டர் மட்டும் எடுத்துட்டு, மீதியை உயிரோட மூடிடலாம்" என்றாள். எதை வைத்து மூடுவாய் என்று கேட்டேன். "ஒரு விதத்துல சிமெண்ட்தான் சார்" என்றாள். வரலாற்று வாத்தியாரிடம் இப்படிச் சொன்னால் அவன் தூங்குவானா? ஒரு மாதமாக அவள் கொடுத்ததையும் நானே தேடியதையும் படித்தேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

நாம் 'நரம்பு' என்று சொல்வது வெறும் நரம்பு அல்ல. இரத்தக் குழாய்கள், நரம்பு இழைகள், பல்லைக் கட்டும் செல்கள் எல்லாம் சேர்ந்த மென்மையான சதை. பற்கூழ் என்பார்கள். 9 வயதுப் பிள்ளையின் முன்பல்லுக்கு வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. அந்த வேரை வளர்த்து முடிக்க வேண்டியது இந்தப் பற்கூழ்தான். அதை எடுத்துவிட்டால் வேர் மெல்லிய சுவரோடு பாதியில் நின்றுவிடும். பின்னாளில் சுலபமாக முறியும்.

திறந்த பற்கூழை மூடிக் காப்பாற்றலாம் என்று முயன்றவர்களில் முதலில் பேசப்படுபவர் பிலிப் ஃபாஃப். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் பல் மருத்துவர். 1756-ல் தங்கத் தகட்டைக் குழித்து மூடிபோல வைக்கலாம் என்று எழுதினார். தங்கம் துருப்பிடிக்காது, உறுத்தாது. ஆனால் கிருமியை அதனால் தடுக்க முடியாது. கிருமியால்தான் பல் கெடுகிறது என்பது அப்போது தெரிந்திருக்கவில்லை. அதன் பிறகு எதிர்த்திசையில் போனார்கள். 1836-ல் அமெரிக்காவில் ஸ்பூனர் என்பவர் ஆர்சனிக் வைத்துப் பற்கூழைச் சாகடிக்கும் முறையைப் பரப்பினார். வலி போயிற்று, பல்லின் உயிரும் போயிற்று.

திருப்பம் 1920-ல் வந்தது. ஹெர்மான் என்ற ஜெர்மானியர் கால்சியம் ஹைட்ராக்சைடைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். பெயரைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நீற்றிய சுண்ணாம்புதான் அது. கடும் காரத்தன்மை உள்ளது. கிருமியைக் கொல்லும். தொட்ட இடத்தில் பற்கூழின் மேற்பரப்பை லேசாகச் சுடும். அந்தக் காயத்துக்குக் கீழே உயிருள்ள செல்கள் விழித்துக்கொண்டு புதிதாக ஒரு கெட்டிச் சுவர் எழுப்பும். மருந்து சுவர் கட்டுவதில்லை, பல்லே கட்டிக்கொள்கிறது.

அப்படியும் சில பற்கள் பிழைத்தன, சில பிழைக்கவில்லை. காரணம் 1965-ல் தெளிவானது. அமெரிக்காவில் ககேஹாஷியும் அவருடைய சகாக்களும் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். எந்த மருந்தும் வைக்காமலே அங்கே சுவர் எழும்பியது. சாதாரண எலிகளின் பற்கூழ் அழுகிப்போனது. ஆக, பற்கூழ் திறந்ததால் சாவதில்லை, கிருமி புகுவதால் சாகிறது. எதை வைத்து மூடினாலும் அது கிருமி புகாமல் அடைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

1978-ல் ஸ்வீடனில் ஸ்வெக் என்பவர் உடைந்த 60 முன்பற்களில் பற்கூழின் மேல்பகுதியை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பு வைத்து மூடினார். 96 சதவீதம் பிழைத்தன. 1978! நான் அந்தப் பையனை ரிக்‌ஷாவில் அழைத்துப் போனதற்கு 6 வருடம் முன்னால். நம் ஊரிலும் 1953-லிருந்தே அரசு பல் மருத்துவப் படிப்பு இருந்தது. சுண்ணாம்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஓரிடத்தில் தெரிந்த ஒரு சேதி எல்லா நாற்காலிக்கும் வந்துசேர வருடங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளையின் பல் போய்விட்டது.

சரி, சுண்ணாம்பு இவ்வளவு நல்லதென்றால் பேரனுக்கு ஏன் சிமெண்ட்? சுண்ணாம்புக்கு மூன்று குறைகள். பல்லோடு ஒட்டாது. நாளாவட்டத்தில் கரையும். அது எழுப்பவைக்கும் சுவரில் மெல்லிய துளைகள் இருக்கும். ஆகவே 1993-ல் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டோராபினெஜாட் குழுவினர் எம்.டி.ஏ. என்ற பொடியை அறிமுகப்படுத்தினார்கள். அதில் முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட், வீடு கட்டுகிற அதே இனம். எக்ஸ்-ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு 20 சதவீதம். மீதி ஜிப்சம். ஈரத்திலேயே இறுகும். இறுகும்போது அதற்குள்ளிருந்து எது வெளிப்படுகிறது தெரியுமா? அதே கால்சியம் ஹைட்ராக்சைடு! சுண்ணாம்பின் குணத்தோடு, கரையாத மூடியும் சேர்ந்துகொண்டது.

இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வு 2013-ல் வெளியானது. 376 பேரை 2 வருடம் வரை கவனித்தார்கள். தோல்வி வாய்ப்பு சுண்ணாம்பில் 31.5 சதவீதம், எம்.டி.ஏ.-வில் 19.7. இதிலும் குறை உண்டு. இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். விலை அதிகம். பிஸ்மத்தால் பல் கருக்கலாம். கருப்பு என்றதும் எனக்கு அந்த குரூப் போட்டோதான் கண்முன் வந்தது. மாணவி சிரித்துவிட்டு, "அதனாலதான் சார் முன்பல்லுக்கு பயோடென்டின்" என்றாள். 2010 வாக்கில் பிரான்சிலிருந்து வந்த பொருள். இதுவும் கால்சியம் சிலிகேட் சிமெண்ட்தான். பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு. சுமார் 12 நிமிடத்தில் இறுகும்.

நம் ஊர்க்காரனாக இங்கே ஒரு வார்த்தை. மெட்ராஸ் சுண்ணாம்பு ஒரு காலத்தில் உலகப் புகழ் பெற்றது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி, தயிரும் முட்டை வெண்கருவும் சேர்த்து அரைத்துப் பூசி மெருகேற்றிய சுவர்களைப் பார்த்து, பளிங்கோ என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். தெற்கே சுண்ணாம்புக் கொளத்தூரின் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. இந்தியாவில் சிமெண்ட் செய்யும் முதல் முயற்சியும் 1904-ல் சென்னையில்தான், அதுவும் கடற்சிப்பியை வைத்து. அது நிலைக்கவில்லை. இதைப் படித்துவிட்டு "பல் சிமெண்டைக் கண்டுபிடித்தது தமிழனே" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள்! சுவருக்குப் பூசியவர்கள் பல்லை நினைத்துப் பூசவில்லை. நம் கைக்குப் பழகிய பொருள்தான் பல்லையும் காக்கிறது என்பது மட்டும் உண்மை. அந்தச் சந்தோஷம் போதும்.

இன்னொன்று. வெற்றிலைச் சுண்ணாம்பையோ கட்டட சிமெண்டையோ பல்லில் வைக்கவே கூடாது. வாய் வெந்துவிடும். கட்டட சிமெண்டில் வேண்டாத உலோகங்களும் இருக்கும். பிள்ளைக்குப் பல் உடைந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்து, தண்ணீரிலோ பாலிலோ போட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். பற்கூழை உயிரோடு காப்பாற்ற முடியுமா என்று ஒரு தடவை கேளுங்கள். எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியாது. இரத்தம் நிற்காவிட்டாலோ உள்ளே அழுகியிருந்தாலோ ரூட் கனால்தான் வழி. ஆனாலும் கேளுங்கள். 1984-ல் நான் கேட்கவில்லை.

பேரனுக்கு ஒரு மாதம் ஆகிறது. வலி இல்லை. குளிரவைத்துச் சோதித்தால் பல்லுக்கு உணர்ச்சி இருக்கிறது. வேர் வளர்கிறதா என்று ஆறு மாதத்தில் எக்ஸ்-ரே எடுக்க வேண்டும். அதுவரை வெற்றி என்று சொல்லமாட்டேன்.

அந்த 8 'பி' மாணவனும் இந்தப் பதிவைப் படிப்பான் என்று தெரியும். தம்பி, அன்றைக்கு இன்னொரு இடத்தில் கேட்டிருக்க வேண்டும். மன்னித்துக்கொள். அடுத்த முறை மயிலாப்பூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா. ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம், கையை எடுத்துவிட்டு.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்