பாடிக் கட்டிய கல்லூரி

கல்லூரிகள் பல வகையாக எழுகின்றன. அரசினர் கட்டுவர், செல்வர் பொருள் கொடுத்துக் கட்டுவர். ஆனால் அங்குப் படித்த மாணவர்களே ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் அலைந்து, பாடிப் பொருள் ஈட்டி, இடிந்து விழ இருந்த தம் பள்ளியை நிலைநிறுத்திய வரலாறு ஒன்று உண்டு. அதனையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் முடிந்து, 1865ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நிலத்தையும் கூலியையும் நாடியது போலவே எழுத்தையும் நாடினர். அடிமைக்கு எழுத்தறிவித்தலைத் தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டமே தடுத்திருந்தது. ஆதலால் சிறுவரும் முதியவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து அரிச்சுவடி கற்றனர். டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் 1866இல் ஃபிஸ்க் பள்ளி தோன்றியது. படைவீரர்களுக்கு மருத்துவமனையாக இருந்த பழைய மரக் கொட்டகைகளே அதன் வகுப்பறைகள். அடிமைகளை விற்ற இடத்தில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அப்பணத்தில் பாட நூல்கள் வாங்கினர் என்றும் சொல்வர்.

ஐந்து ஆண்டுகளில் கொட்டகைகள் சிதைந்தன, கடன் பெருகிற்று. பள்ளியின் பொருளாளராகவும் இசையாசிரியராகவும் இருந்தவர் ஜார்ஜ் ஒயிட். மாணவர் சிலரை அழைத்துச் சென்று வட மாநிலங்களில் இசை நிகழ்ச்சிகள் நடத்தினால் பொருள் கிட்டும் என அவர் எண்ணினார். பலரும் இதனை வீண் முயற்சி என்றனர். எனினும் 1871 அக்டோபர் 6ஆம் நாள் ஒன்பது இளைஞர்களுடன் அவர் புறப்பட்டுவிட்டார்.

அவ்வொன்பதின்மருள் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். பெஞ்சமின் ஹோம்ஸ் என்பவர் கடைப் பலகைகளைப் பார்த்துத் தாமே எழுத்துக் கற்றவர். சார்ல்ஸ்டன் நகர அடிமைச் சிறையில் இருந்தபோது, லிங்கனின் விடுதலை அறிக்கையை உடனிருந்தோர் கேட்கப் படித்துக் காட்டியவர். எல்லா ஷெப்பர்டு என்னும் பெண்ணுக்கு அப்போது வயது 20. பியானோ வாசிப்பதும் பாடகரைப் பயிற்றுவிப்பதும் அவர் பொறுப்பு.

தொடக்கம் துன்பமாகவே இருந்தது. குளிர்காலம் நெருங்கியது, போதிய மேலாடை இல்லை. விடுதிகள் பல நிறத்தைக் காட்டிக் கதவடைத்தன. வண்டிச் சத்தத்திற்கே வசூல் போதாத நாட்கள் பல. அந்நிலையிலும், சிக்காகோ நகரம் பெருந்தீயில் அழிந்த செய்தி கேட்டு, ஓர் ஊர் நிகழ்ச்சியில் கிடைத்த சிறு தொகை முழுவதையும் அங்குத் துன்புற்றோர்க்கு அனுப்பிவிட்டனர். கொலம்பஸ் நகரில் ஒயிட் அக்குழுவிற்கு ‘ஜூபிலி பாடகர்’ என்று பெயரிட்டார். ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிமைகள் விடுதலை பெறும் ஆண்டினை விவிலியம் ஜூபிலி என்று கூறும்.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். அவர்கள் முதலில் மேடையில் பாடியவை அக்காலத்து வெள்ளையர் விரும்பிய பாட்டுகளே. தம் பெற்றோர் வயல்களிலும் இரவுக் கூட்டங்களிலும் பாடிய பக்திப் பாடல்களை அவர்கள் அயலார் முன் பாடத் தயங்கினர். அவை அடிமை நாட்களின் நினைவைத் தாங்கியவை. தாயரும் தந்தையரும் தமக்குள் கண்ணீரோடு பாடியவை. அவற்றைக் கட்டணம் கொடுத்தோர் கேட்கப் பாடுவது தகுமா? ‘நகைப்பரோ!’ என்ற அச்சமும் இருந்தது. 1871 நவம்பரில் ஓபர்லின் நகரில் திருச்சபைத் தலைவர் பலர் கூடியிருந்த இடத்தில் அப்பாடல்களுள் ஒன்றை மெல்லத் தொடங்கினர். பேசிக்கொண்டிருந்த அவை அடங்கிற்று. பலர் கண் கலங்கினர். அதன்பின் நாளடைவில் அப்பாடல்களே அவர்கள் நிகழ்ச்சியின் உயிராயின. நியூயார்க்கிலும் புரூக்ளினிலும் கூட்டம் திரண்டது. முதற்பயணத்தில் சேர்ந்த தொகை 20,000 டாலர்.

1873இல் கடல் கடந்து இங்கிலாந்து சென்றனர். ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆதரவு தந்தார். விக்டோரியா அரசியார் அவர்கள் பாடக் கேட்டார். பிரதமர் கிளாட்ஸ்டன் தம் இல்லத்தில் உடன் அமர்த்தி விருந்தளித்தார். சொந்த நாட்டு விடுதிகளில் இடம் பெறாதவர்க்கு அயல்நாட்டுப் பிரதமர் மனையில் இருக்கை கிடைத்தது! ஆயினும் அவர்கள் வாழ்வு விருந்தாகவே கழிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர்; பனி, புகைவண்டி, இரவு நிகழ்ச்சி, மீண்டும் பெட்டி கட்டல். தொண்டை கட்டினாலும் காய்ச்சல் கண்டாலும் மேடையேற வேண்டும். சிலர் உடல் நலிந்தனர். 1875இல் தொடங்கிய இரண்டாம் கடற்பயணம் ஹாலந்து, ஜெர்மனி வரை நீண்டது. களைத்துப் போன அக்குழு 1878இல் ஹாம்பர்க் நகரில் கலைந்தது.

ஏழாண்டுகளில் அவர்கள் ஈட்டித் தந்தது ஏறத்தாழ 1,50,000 டாலர். அதனைக் கொண்டு எழுந்த ஜூபிலி மாளிகை 1876 ஜனவரி முதல் நாளன்று திறக்கப்பெற்றது. பிற்காலத்துப் பேரறிஞர் டுபாய்ஸ் அக்கல்லூரியில் பயின்று 1888இல் பட்டம் பெற்றார். 1903இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலின் இறுதி இயலை அப்பாடல்களுக்கே அளித்தார். பழைய குழுவினருள் ஒருவரான ஃபிரெட்ரிக் லவுடின் புதிய குழு ஒன்று அமைத்து 1884 முதல் 1890 வரை உலகைச் சுற்றினார். நம் நாட்டிற்கும் வந்தார். தாஜ்மகாலிலும் அப்பாடல்கள் ஒலித்தன.

நான் பல்லாண்டு வருகைப் பதிவேடு குறித்தவன். ஆதலால் ஒன்று என் மனத்தை விட்டு அகலுவதில்லை. படிப்பதற்காகப் பள்ளி புகுந்த அவ்விளைஞர்கள், பள்ளியைக் காக்கப் பாடப் புறப்பட்டதனால், அவருள் பலர் தம் படிப்பை முடிக்க இயலாது போயினர். தாமஸ் ரட்லிங் என்பவர் நாடு திரும்பி வாழாமல் இங்கிலாந்திலேயே தங்கிப் பாட்டுக் கற்பித்து 1915இல் ஹாரகேட் நகரில் மறைந்தார். அவர்கள் விட்டுச் சென்ற வகுப்பறையில் வேறு யாரோ அமர்ந்து படித்தனர்.

ஜூபிலி மாளிகை இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் அக்டோபர் 6ஆம் நாள் அக்கல்லூரியில் அவர்களை நினைந்து போற்றுகின்றனர். நீங்கள் அமர்ந்திருக்கும் பலகையும் யாரோ சிலர் உழைத்துத் தந்ததே. அவர் யாவர் என்று உங்கள் ஊர்ப் பெரியோரை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.