சேலம் வெள்ளைக்கல் சுரங்கங்களும் தொழிலாளர் விபத்துகளும்

சேலம் நகருக்கு வடமேற்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் மாக்னசைட் கனிமம் பரவலாகக் கிடைக்கிறது. உள்ளூர் மக்கள் இதனை வெள்ளைக்கல் என்பர். எஃகு உலைகளின் உட்சுவருக்கான வெப்பம் தாங்கும் செங்கற்கள் செய்ய இது பயன்படுகிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த மிடில்மிஸ் 1896 இல் இப்பகுதிப் பாறைகளைப் பற்றி எழுதினார். 20 ஆம் நூற்றாண்டில் இங்கு சுரங்கத் தொழில் வளர்ந்தது. 1979 இல் மாநில அரசு தமிழ்நாடு மாக்னசைட் நிறுவனத்தைத் தொடங்கியது.

வெட்டும் முறையும் ஆபத்தும்

வெள்ளைக்கல் தனிப் பாறையாகக் கிடைப்பதில்லை. கரும்பாறைக்குள் நரம்புகள் போல ஓடுகிறது. ஆகவே சிறிதளவு கனிமத்துக்காகப் பெருமளவு கழிவுப் பாறையை அகற்ற வேண்டும். பள்ளம் ஆழமாகிறது, கழிவுக் குவியல் உயர்கிறது. இரண்டுமே சரியக்கூடியவை.

வெட்டுமுகத்தின் அடிப்பகுதியைக் குடைந்தால் மேற்கல் தன் எடையாலேயே விழும். உழைப்பு குறையும், ஆனால் கீழே நிற்பவர் தப்ப முடியாது. எடைக்கணக்கில் கூலி தரப்படும் இடங்களில் இந்தக் குறுக்குவழி தொழிலாளரை எளிதில் ஈர்க்கும். மழைக்குப் பின் விரிசல்களில் நீர் இறங்கிப் பாறை தளர்வதும் ஆபத்தைக் கூட்டும். வெடிக்காமல் தங்கிய தோட்டா, பின்னோக்கி வரும் லாரி, சம்மட்டி அடியில் கண்ணில் தெறிக்கும் கற்சில்லு ஆகியன பிற காரணங்கள்.

சட்டத்தின் வளர்ச்சி

இந்தியாவின் முதல் சுரங்கச் சட்டம் 1901 இல் இயற்றப்பட்டது. மறு ஆண்டே கல்கத்தாவில் சுரங்க ஆய்வு அலுவலகம் தொடங்கியது. அதுவே இன்று தன்பாத்தில் இயங்கும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். 1923 இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், காயத்தின் செலவில் ஒரு பங்கை முதலாளியின் பொறுப்பாக்கியது.

1952 ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் ‘கடுமையான உடற்காயம்’ எது என்று வரையறுத்தது. உறுப்பிழப்பு, பார்வை அல்லது கேள்வித்திறனின் நிரந்தரப் பாதிப்பு, எலும்பு முறிவு ஆகியன இதில் அடங்கும். 1961 ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள், பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாக வெட்ட வேண்டும் என்றும், அடியைக் குடையக் கூடாது என்றும் விதித்தன.

சட்டத்துக்கு வெளியே நின்ற பள்ளங்கள்

மாக்னசைட் எடுக்கும் பள்ளம் சிறியதானாலும் 1952 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்பட்டிருந்தது. நகருக்குத் தெற்கே பனமரத்துப்பட்டி முதல் நாமக்கல் வரையிலான சமவெளியில் எடுக்கப்படும் கட்டடக் கல்லுக்கும் ஜல்லிக்கும் அச்சட்டம் விலக்கு அளித்தது. திறந்தவெளிப் பள்ளத்தின் ஆழம் 6 மீட்டருக்கு மேற்படாமலும், ஒரு நாளில் 50 பேருக்கு மேல் வேலை செய்யாமலும், வெடிமருந்து பயன்படுத்தாமலும் இருந்தால், பெரும்பாலான பிரிவுகள் அதற்குப் பொருந்தவில்லை. ஆனால் பள்ளம் நாள்தோறும் ஆழமாகிறது. ஆறு மீட்டரைக் கடந்த நாளை யாரும் அளந்து சொல்லாவிட்டால், அது ஆய்வாளர் கண்ணில் படாமலே போகும்.

2022 மே 14 நள்ளிரவில் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பெரும்பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினர், நால்வர் இறந்தனர். அது சிறு பள்ளம் அன்று, ஆழமான குவாரி. எனவே சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிட்டால் மட்டும் உயிர் காக்கப்படும் என்றும் சொல்ல முடியாது.

விபத்துக்குப் பின் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் படியின் உயரம், வேலை நேரம், கூலிமுறை, வெடி வைக்கும் வேளை ஆகிய எதையும் கடப்பாரை பிடிப்பவர் முடிவு செய்வதில்லை. காயத்துக்கான காரணிகளில் பெரும்பாலானவை அவர் பள்ளத்தில் இறங்கும் முன்பே அமைந்துவிடுகின்றன. 1961 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் தொழிலாளிக்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல் பள்ளத்தின் வடிவத்துக்கே விதி வகுத்ததன் பொருள் இதுதான்.